மூன்று கால் பசுவின் கப்பல்

நாம் முதன்முதலில் பார்த்த கார்ட்டூன் எது என்று நேற்று நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒருத்தி கேட்டிருந்தாள். ஆளாளுக்குப் பூனை, எலி, முயல் என்று எழுதித் தள்ளினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பேர் கேட்பீர்கள். எனக்குப் பேர் தெரியாது. அது என்ன பாஷை என்றுகூட இன்றுவரை தெரியாது. தேடித் தரச் சொல்லி என் மகனைப் படுத்திய பாடு கொஞ்சமா? "மூணு கால் மாடு, விண்வெளிக் கப்பல்னு போட்டா என்னென்னமோ வருதும்மா, ஆள விடு" என்று கும்பிட்டுவிட்டான். கிடைக்காவிட்டால் போகட்டும். ஞாபகம் நல்லபடியாக இருக்கும்போதே எழுதி வைத்துவிடலாம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீளமாக இருக்கிறது என்று யாராவது பாதியில் ஓடினால் தெரியும், ஜாக்கிரதை.

நல்லூரில் எங்கள் வீட்டுக்கு உங்களில் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். முன்னால் வீடு, பின்னால் அப்பாவின் பிரிண்டிங் பட்டறை, நடுவில் ஒரே ஒரு கதவு. பனியன் துணியில் படம் போடுகிற தொழில். பட்டறையின் நீளத்துக்கும் ஒரே டேபிள். அதன்மேல் வெட்டிய துணிகளை வரிசையாக ஒட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஸ்கிரீனை ஒவ்வொன்றின் மேலும் வைத்து, ரப்பர் கட்டையால் கலரை இழுத்துக்கொண்டே போவார்கள். ஒரு கலர் காய்ந்தபின் அடுத்த கலர். பேஸ்ட்டில் மண்ணெண்ணெய் கலப்பார்கள். எங்கள் வீட்டு ரசத்தில்கூட அந்த வாசம் அடிக்கிறது என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ இன்றைக்கும் எங்காவது மண்ணெண்ணெய் வாசம் வந்தால் பசியெடுக்கிறது.

படத்தை ஸ்கிரீனில் ஏற்றும் முன் கலருக்கு ஒரு தாளாகப் பிரித்துக் கையால் வரைய வேண்டும். அப்போது கம்ப்யூட்டர் எல்லாம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வேலை என் அத்தையுடையது. அப்பாவின் ஒரே தங்கை. பேனாவில் கறுப்பு மை தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கோடு இழுத்தாள் என்றால் இழுத்ததுதான், அழிக்கிற பேச்சே இல்லை. எனக்கு அத்தை மேல் அப்படியொரு பிரமிப்பு. என் நகத்திலும் கறுப்பு மை இருக்க வேண்டும் என்று பேனாவை நகத்தில் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்து டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அத்தைக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பாள். எங்களுக்கு அது பழகிப்போன நடை. ஆனால் நான் சொல்லப்போகிற கோடையில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு முறை வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வருகிற ஒறம்பரை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தையைச் சேலை கட்டி, பூ வைத்து, சோபாவில் உட்கார வைத்துவிட வேண்டும். காபித் தட்டை அம்மா கொண்டுவருவாள். அத்தை உட்கார்ந்தபடியே கும்பிடுவாள். பேசிச் சிரித்து, பெண்ணைப் பிடித்துப்போன பிறகு அப்பா மாப்பிள்ளையின் அப்பாவை வாசலுக்குக் கூட்டிப்போய்க் காதோரமாக விஷயத்தைச் சொல்வார். அவரும் காதோரமாகவே "பாக்கலாமுங்க" என்பார். அதோடு முடிந்தது கதை. அவர்கள் தெரு முனை திரும்பும்வரை அத்தை சோபாவை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் சரி.

அந்தச் சமயத்தில்தான் மிருகங்கள் வந்து சேர்ந்தன. எக்ஸ்போர்ட் கம்பெனியின் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரை வாங்கி நம் தலையில் கட்டுகிறவர், படங்களும் ஒரு வீடியோ கேசட்டும் கொண்டுவந்தார். வெளிநாட்டு டிவியில் ஓடுகிற தொடராம், அதன் மிருகங்கள் குழந்தைகள் பனியனில் வேண்டுமாம். "படத்துல ஒரு புள்ளி மாறுனாலும் பையர் ரிஜெக்ட் பண்ணிருவாங்க, பாத்துக்குங்க. கலர்ல சந்தேகம்னா கேசட்டப் போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாய், கோழி, எலி, நடுவில் ஒரு செவலைப் பசு. நாலும் தலையில் கண்ணாடிக் குண்டான் மாட்டிக்கொண்டிருந்தன. பசுவுக்கு மூன்றே கால்.

அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வரைஞ்சவன் ஒரு கால மறந்துபோட்டான்."

அத்தை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "மறந்து வரைஞ்ச மாடு இப்படி நிக்காதுங்ணா. பாருங்க, பாரத்த இக்கட்டப் பக்கமாச் சாச்சுட்டு நிக்குது. மூணு கால்ல நின்னு பழகுன மாடுங்க இது."

எங்கள் பட்டறையில் புது ஆர்டரின் முதல் பீஸைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் மற்றதை இழுப்பார்கள். அதற்கு வெள்ளிக்கிழமைதான் நாள். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதுக்குன்னு வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஊனமான மாட்டக் கொண்டுபோயிச் சாமிக்கு முன்னால வெக்கச் சொல்றயா?"

வார்த்தை விழுந்துவிட்டது. யாருக்கு முன்னால் சொன்னோம் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்பா குரலைத் தணித்துக்கொண்டு, "நல்லபடியா ஒரு கால் போட்டுரு கண்ணு" என்றார்.

அத்தை பேனாவை எடுத்தாள். போட்டாள். பாவி, என்ன அழகாகப் போட்டாள் தெரியுமா! குளம்பு, முட்டி, நரம்பு எல்லாம் வைத்து, மற்ற மூன்று கால்களைவிட நல்ல கால். வெள்ளிக்கிழமை நான்கு கால் பசு பிள்ளையாருக்கு முன்னால் சூடம் வாங்கிக்கொண்டு மற்ற துணிகளிலும் ஏறியது. நாள் முழுக்கத் தன் தங்கை நொண்டிப் பசுவை வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அப்பாவுக்கு மனசு வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாசத்தில் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கிற பழக்கம் இல்லை.

கேசட் அலமாரியில் கிடந்தது. தெருப் பிள்ளைகள் விடுவோமா? லீவு வேறு. நச்சரித்து நச்சரித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவைக் கேசட் ஓட்டுகிற டெக் வாடகைக்கு எடுக்க வைத்துவிட்டோம். டெக் என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு விளக்கிப் பாருங்கள், தாவு தீர்ந்துவிடும். கலர் டிவியும் சேர்ந்தே வாடகைக்கு வந்தது. பட்டறை டேபிளின் தலைமாட்டில் வைத்தார்கள். டேபிள் மேல் பிள்ளைகள், கீழே பட்டறை ஆட்கள், கதவோரம் அம்மா, ஸ்டூலில் அத்தை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து எங்களிடம் பீஸ்களைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை பார்த்த அக்காவும் கைப்பிள்ளையோடு வந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் முறுக்கு.

படம் ஆரம்பித்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கப்பல். அதற்குள் மனிதர்கள் கண்ணாடிப் பெட்டிகளில் படுத்துத் தூங்குகிறார்கள். ஏதோ கோளாறு. அவர்கள் எழுந்திருக்கவில்லை, கீழ்த்தளத்தில் மிருகங்கள் விழித்துக்கொள்கின்றன. இதுவரை சாதாரணக் கதைதான். அதைக் காட்டிய விதம் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்.

அந்தப் படத்தில் நாம் மனிதக் கண்ணால் எதையுமே பார்ப்பதில்லை. நாயின் முறை வந்தால் கலரெல்லாம் வெளிறிப்போய், வாசனைகள் மட்டும் கலர் கலரான நூலாகக் காற்றில் ஓடும். சிவப்பு நூலைப் பிடித்துக்கொண்டு நாய் போனால் அதன் முனையில் சோறு இருக்கும். கோழியின் முறை என்றால் திரை இரண்டாகப் பிரிந்துவிடும், வலது கண்ணுக்கு ஒரு உலகம், இடது கண்ணுக்கு ஒரு உலகம். எலிக்கு ஒரு திருகாணியே கோவில் தூண் மாதிரி நிற்கும். பசுவின் முறை வந்தால் எல்லாம் நிதானமாகிவிடும். அகலமாக, மெதுவாக, அசைபோட்டபடி நகரும். மனிதர்கள் என்றால் பழைய நினைவில் வருகிற முழங்காலும் கையும்தான், முகமே கிடையாது. என்ன மூளையடா இதை யோசித்தவனுக்கு! அன்றைக்கு வாய் பிளந்தவள்தான், இன்னும் மூடவில்லை.

கப்பலின் மெஷின் அடிக்கடி ஏதோ பேசும். ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை. மிருகங்களுக்கும் புரியவில்லை. அவையும் காதைச் சாய்த்துக்கொண்டு விழிக்கும், நாங்களும் விழிப்போம். அந்தப் பாஷை தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் இந்தச் சுகம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. நாங்கள் கப்பலுக்குள்ளேயே இருந்தோம்.

மிருகங்கள் பேசாது, வெறும் சத்தம்தான். அந்தக் குறையைச் செக்கிங் அக்கா தீர்த்தாள். நாய் இருட்டைப் பார்த்து உறுமியதும், "ஏல, எவம்ல அங்கன நிக்கது? முன்னால வாலே பாப்பம்!" என்று எடுத்துவிட்டாள். பட்டறையே குலுங்கியது. அதன்பின் ஆளுக்கொரு மிருகத்துக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். கலர் கலக்குகிற மாமா கோழியானார். "ஏனுங்க, எனக்கு ரெண்டு கண்ணுலயும் ரெண்டு விதமாத் தெரியுதுங்க, எதை நம்பறதுங்க?" என்று மரியாதை குறையாமல் கொக்கரித்தார். பசு வந்து நின்றால் மற்றவை வழிவிட்டதைப் பார்த்த செக்கிங் அக்கா, "அவதாம்ல இங்க மேனேஜர்" என்றாள். அன்றிலிருந்து அதற்கு மேனேஜரம்மா என்றே பேராகிவிட்டது.

மேனேஜரம்மாவுக்கு மூன்றே கால்.

முதலில் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கட்டப் பக்கம் மறைஞ்சிருக்குமுங்க" என்றார். பசு திரும்பியது. அந்தப் பக்கமும் இல்லை. "படுக்கறப்ப மடக்கி வெச்சிருக்கும்" என்றார். படுத்து எழுந்தது. இல்லை. அடுத்த காட்சியிலாவது வந்துவிடாதா என்று கடவுளைத் தேடுகிறவர் மாதிரி டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

பிறகு ஒரு இடம் வந்தது. ஏதோ மோதி, கப்பலுக்குள் எல்லாவற்றுக்கும் எடை போய்விடுகிறது. நாய் தலைகீழாகிறது, கோழி பறக்க முயன்று சுற்றுகிறது, நான்கு காலும் இரண்டு காலும் இருப்பவை எல்லாம் தத்தளிக்கின்றன. பசு மட்டும் ஒரு உந்து உந்தி, மிதந்து போகிறது. எவ்வளவு நிதானம்! கண்ணாடிப் பெட்டிகளில் சூடு குறைந்து மனிதர்கள் உதடு நீலமாகிக் கிடக்கிறார்கள். அவள் போய்ப் பெட்டிகளின் மேல் தன் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். அவளைப் பார்த்து மற்றவையும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நான்காவது கால் எங்கே போனது என்று அந்தக் கப்பலில் ஒருவரும் கேட்கவில்லை, படமும் சொல்லவில்லை.

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், பல் தெரிய. "எப்படிப் போறா பாரு!" என்றாள் என்னிடம். சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பல்லை யாருக்கும் காட்டியதில்லை.

மறுநாள் அப்பா கேசட்டை எடுத்துக்கொண்டு, தப்பை ஒத்துக்கொள்ள மொபெட்டில் கம்பெனிக்குப் போனார். மெர்ச்சண்டைசர் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, போனால் போகிறதென்று வேறு துணி கொடுத்து, அந்த வாரத்துக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார். கேசட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். அதை அதன்பின் நான் பார்க்கவே இல்லை. நான்கு கால் பசுப் பீஸ்களைத் தைத்துத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் எந்தக் குழந்தைக்கும் கிடைக்காத அந்தப் பனியனைப் போட்டுப் போட்டுக் கிழித்து, கடைசியில் மெஷின் துடைக்கிற வேஸ்ட்டாக்கினோம். ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம். யாருக்குத் தோன்றியது?

அந்த வாரம் முழுக்கத் தெருவில் கப்பல் விளையாட்டுத்தான். மேனேஜரம்மா வேஷத்துக்கு அடிதடி. நான் ஜெயித்துவிட்ட ஒரு சாயங்காலம், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கைகளை ஊன்றி நொண்டி நொண்டிப் பட்டறைக்குள் வந்தேன். அம்மா பளாரென்று முதுகில் வைத்தாள். "யாரப் பாத்து நொண்டி காட்டறே?" என்று அடுத்த அடிக்குக் கையை ஓங்கினாள். அத்தை எட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிக்காதீங்க அண்ணி. அவ என்னையக் காட்டலீங்க. மேனேஜரா இருக்கறா." அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு அடிபட்ட இடம் எரிந்தாலும் அத்தைக்குப் புரிந்ததே என்று அப்படியொரு சந்தோஷம்.

இதற்கு முன்பே, திங்கட்கிழமை, முக்கியமான ஒன்று நடந்திருந்தது. அப்பா திரும்பி வந்து, பசுவை முதலிலிருந்து வரைந்து தரும்படி அத்தையிடம் சொன்னார். அத்தை பேனாவைத் தொடவில்லை.

"வரைஞ்சு தர்றனுங்ணா. ஆனா ஞாயித்துக்கெழம ஒறம்பரை வர்றப்ப நான் முன்னாடியே போயி உக்காந்திருக்க மாட்டேன். அவிய வந்து உக்காந்த பொறகு, நான் இங்கிருந்து நடந்து வருவேன்."

"அது வேற, இது வேற அம்மிணி."

"ரெண்டும் ஒண்ணுதானுங்ணா."

"ஆர்டரக் காட்டி என்னைய மெரட்டறயா?"

"ஆமாங்ணா. மெரட்டறேன்."

அப்பாவை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா குறுக்கே வந்து, "ஏனுங்க, வந்தவங்க எந்திரிச்சுப் போயிட்டா அவளுக்குத்தானுங்க அசிங்கம்" என்றாள். "போனாப் போறாங்க அண்ணி" என்றாள் அத்தை. "எந்திரிக்காம உக்காந்திருந்தே எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு." அப்பா வெளியே போய் மொபெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்து முடித்து உள்ளே வந்து, "உன்ற இஷ்டம்" என்றார். அத்தை அப்போதே உட்கார்ந்து கறுப்பு மையைத் தொட்டாள். பசு தன் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு மூன்று காலில் வந்து நின்றது. ஆர்டர் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாமளாபுரத்திலிருந்து மாப்பிள்ளை, அவருடைய அம்மா, மாமா, தரகர் எல்லோரும் வந்தார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை அதையே நினைத்துக்கொண்டு படிப்பீர்கள். பின்னால் வேறு இடத்தில் அத்தைக்குக் கல்யாணம் ஆகி, இன்று அவிநாசிபாளையத்தில் பேத்தியை அதட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள்.

சோபா காலியாக இருந்தது. வந்தவர்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். "பொண்ணக் கூப்பிடுங்க" என்றார் தரகர். நடுக்கதவை நான்தான் திறந்தேன், அத்தை எனக்குக் கொடுத்த வேலை அது. பட்டறையின் அந்தக் கோடியில் அத்தை நின்றாள். டேபிள் நீளத்துக்கும் நடக்க வேண்டும். தொடையில் கையை ஊன்றினாள், எடுத்தாள், ஊன்றினாள். அவசரப்படவில்லை, டேபிளைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. என் அத்தையைவிட அழகாக உலகத்தில் யாரும் நடக்க முடியாது என்று கத்த வேண்டும்போல இருந்தது.

வந்து நின்று கும்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினாள். "எத்தன நாளா இப்படி கண்ணு?"

"கொழந்தையில காய்ச்சல் வந்ததுலிருந்துங்க."

"நோவு இருக்குதா?"

"நோவெல்லாம் இல்லீங்க. படியேறத்தான் நேரமாகும்."

பிறகு அந்த அம்மா திறந்த கதவு வழியாக டேபிளில் மிச்சமாகக் கிடந்த பசுப் பீஸைப் பார்த்து, அது என்ன மாடு என்று கேட்டாள். அத்தை கப்பல் கதையைச் சொன்னாள். நாயின் நூல், கோழியின் இரண்டு உலகம், எடை போனது எல்லாம். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். காபி ஆறிப்போய் அம்மா வேறு போட்டுக் கொண்டுவந்தாள்.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அப்பாவை வாசலுக்குக் கூப்பிடவில்லை. கூடத்திலேயே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "எங்க ஊட்டுல தறியும் தோட்டமுமா நாளெல்லாம் ஓடற சோலிங்க. இந்தப் புள்ளைக்குச் செரமப்படும்னு படுது. நீங்க மறைக்காமக் காட்டுனீங்க, நாங்களும் மறைக்காமச் சொல்லிப்போட்டம். தப்பா நெனைக்காதீங்க." அத்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் சொன்ன காரணம் நியாயமா என்று இன்று கேட்டால், இல்லை என்று சண்டைக்கே போவேன். ஆனால் அன்று முதன்முறையாக ஒருத்தி அத்தைக்கு முன்னால் நின்று அத்தையைப் பற்றிப் பேசினாள்.

அவர்கள் போனபின் அத்தை சோபாவில் உட்காரவில்லை. டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலிகளை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மிணி, நீ நடந்து வந்தப்ப அவிய அத்தன பேரும் உன்னையப் பாத்தாங்க. நான்தான் தலையக் குனிஞ்சுட்டேன்."

அத்தை தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தெரியுமுங்ணா. உங்களைப் பாத்துக்கிட்டேதான் நடந்து வந்தேன்."